விசுவாசம் வாதத்தின்மேல் நிற்பதோ?

1741-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஆசிரியர் பெயரின்றி ஒரு சிறுநூல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டிற் பயிலும் இளைஞனொருவனுக்கு வரைந்த கடிதம் என்னும் வடிவில் அமைந்த அந்நூலின் பெயர் 'கிறித்து சமயம் வாதத்தின்மேல் நிறுவப்பட்டதன்று' என்பதாம். பகுத்தறிவைத் துணைக்கொண்டு ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியின் முடிவாக ஒருவன் கிறித்தவனாதல் இயலாது; இயலுமாயினும் அங்ஙனம் பெற்ற கொள்கை விசுவாசம் எனப்படுதற்கு உரியதன்று; விசுவாசமாவது பரிசுத்த ஆவியால் உள்ளத்தில் நேரே பாய்ச்சப்படும் ஒளியே என்பது அதன் மேற்கோள். படித்தார் பலர் திகைத்தனர். இதனை வரைந்தவர் மெய்யடியாரோ, அன்றி அடியார் வேடம் பூண்டு வந்த பகைவரோ என்பது அவர்க்கு விளங்கவில்லை. மிக்க பத்தியுடையார் சிலர் இதனை விரும்பி ஏற்றனர். திருச்சபைக் குருமார் பலர் இதனைக் கொடிய நஞ்செனக் கடிந்தனர். ஒரு நூல் ஒருங்கே இருதிறத்தார்க்கும் இடந்தருதற்குக் காரணம் யாதென ஆராயின், அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளாக அந்நாட்டில் நிகழ்ந்துவந்த கண்டனப் போரின் உள்ளீடு முழுவதும் புலப்படும்.

அப்போர் மூண்டதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காரணமாகக் கூறலாம். அச்சிடுமுன் அரசினர் இசைவு பெறவேண்டும் என்றிருந்த சட்டம் 1695-ஆம் ஆண்டில் காலங்கடந்து வீழ்ந்தது. அதன்பின் யாரும் எதனையும் அச்சிடலாம். ஆனால் அச்சிட்டபின் வழக்குத் தொடரப்படலாம். ஆசிரியர் பெயரில்லாத சிறுநூல்கள் பல தோன்றியதற்கு இதுவே ஏது. மற்றொன்று, 1689-ஆம் ஆண்டிறுதியில் வெளிவந்த ஜான் லாக்கு என்பாரின் மனித அறிவு பற்றிய பெருநூல். லாக்கு அந்நூலில் கருத்துக்களை மூவகைப்படுத்தினர்: பகுத்தறிவுக்கு இசைந்தன, பகுத்தறிவுக்கு மேற்பட்டன, பகுத்தறிவுக்கு முரணாவன. இவற்றுள் முரணாவன கடவுள் மொழியாதல் இல்லை, மேற்பட்டனவோ ஆகலாம். இவ்வளவில் எல்லாரும் அவரோடு ஒத்தனர். ஆயின் அவர் மற்றுமொன்று கூறினர். கடவுள் மொழிந்தது எதுவாயினும் அஃது ஐயமின்றி உண்மையே. ஆனால் இன்னது கடவுள் மொழிந்ததுதானா என்பதனைப் பகுத்தறிவே தீர்ப்பளித்தல் வேண்டும் என்பது அது.

இச்சிறு வேறுபாட்டினின்றே பின்னெழுந்த பூசல் அனைத்தும் கிளைத்தன என்னலாம். அளவை நூல் பயின்றார்க்கு இஃது எளிதின் விளங்கும். உரையளவையாவது நம்பத்தக்கோன் மொழி. கடவுள் நம்பத்தக்கோன் என்பதில் வழக்கில்லை. ஆனால் கடவுள் இன்னவாறு மொழிந்தான், இன்ன அற்புதம் நிகழ்ந்தது என்று நமக்குக் கூறுவார் மக்களே. அவர் கூற்றை ஏட்டில் எழுதினாரும் மக்களே. அவ்வேட்டைப் படியெடுத்தாரும் மக்களே. முதலுரை எத்துணை உறுதியுடையதாயினும், அதனை நம்பால் கொணரும் உரைகளின் உறுதியளவே நமக்குக் கிட்டும். சமயத்தின் தலையாய உண்மைகள் குறித்தவோர் ஆண்டில், குறித்தவோரிடத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சிகளாகக் கொள்ளப்படும் சமயத்திற்கு இக்கேள்வி உயிர்நிலையான கேள்வியாயிற்று.

ஜான் டோலண்டு என்னும் அயர்லாந்தினர் 1696-இல் 'கிறித்து சமயம் மறைபொருள் உடையதன்று' என்னும் நூலை வெளியிட்டார். லாக்கு கூறிய மூவகையுள் இரண்டாவதனை அவர் நீக்கிவிட்டார். அறிவுக்கு மேற்பட்டதென ஒன்று நற்செய்தி நூல்களில் இல்லை என்பது அவர் துணிபு. அடுத்த ஆண்டில் அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் ஆணைப்படி அந்நூல் டப்ளின் நகரில் கொலைஞன் கையால் எரியூட்டப்பட்டது. ஆசிரியர் நாட்டைவிட்டு ஓடினார். அதே 1697-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட்டு என்னும் மாணவர், அகவை இருபதளவினர், சமயநிந்தனைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டார். அவர் நூலெழுதியவர் அல்லர், தோழரிடையே பேசியவரே. கண்டன நூல்களைப் படிக்கும்போது இவ்விளைஞர் முடிவை நினைவிற் கொள்ளுதல் நன்று. அந்நூல்களில் காணப்படும் மறைமொழிகளும் இரட்டுறமொழிதலும் வெறும் சொல்லணி அல்ல.

டோலண்டைத் தொடர்ந்து எழுந்தவர்களை 'டீயிஸ்டுகள்' என்ப. அவர் நாத்திகர் அல்லர். உலகிற்கு முதல்வனொருவன் உளன், அவனை நல்லொழுக்கத்தால் வழிபடுதல் கடன் என்னுமளவு ஒப்புவர். அவ்வளவும் இயற்கையறிவாலேயே பெறப்படுதலின், வெளிப்படுத்தப்பட்ட நூலொன்றின் துணை வேண்டா என்பர். எனினும் அவர் அனைவரும் ஒரு கொள்கையினர் எனக் கருதுவது பிழையாகும். ஒருவர் விட்டதை மற்றொருவர் பற்றுவர். அவரை ஒன்றுபடுத்தியது கொள்கையினும் மிகுதியாக அவர்க்கு வந்த மறுப்பே.

அந்தோனி காலின்ஸ் என்பார் 1713-இல் தற்சிந்தனையைப் பற்றி ஒரு நூல் வரைந்தார். குருமார் தமக்குள்ளேயே ஒவ்வொரு பொருளிலும் மாறுபடுகின்றனர். ஆதலின் ஒவ்வொருவனும் தானே சிந்தித்துத் துணிதல் வேண்டும் என்பது அதன் சாரம். மாறுபாட்டிற்குச் சான்றாக அவர் காட்டியவற்றுள் ஒன்று பாட வேறுபாடு. ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜான் மில் முப்பதாண்டு உழைத்து 1707-இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் ஏறத்தாழ 30,000 பாட வேறுபாடுகள் தொகுக்கப்பெற்றிருந்தன. பதிப்பாசிரியர் பெருமுயற்சியாற் கண்டதனைப் பகைவர் படைக்கலமாக எடுத்தனர். இத்துணை வேறுபாடுடைய நூலின்மேல் எங்ஙனம் உயிரின் கதியை வைப்பது என்றனர். இவ்விடர்ப்பாட்டை அஞ்சி, மில்லின் தொகுப்பையே பழித்த குருமாரும் இருந்தனர்.

இதற்கு விடையிறுத்தவர் கேம்பிரிட்ஜின் பெரும்புலவர் ரிச்சர்டு பென்ட்லி. ஏடு பார்த்துப் பாடங்கண்ட அனுபவமுடையார் எவரும் அவர் விடையைச் சுவையாதிரார். வேறுபாடு மிகுதியாயிருத்தல் ஏடுகள் மிகுதியாயிருத்தலின் பயன் என்றார் அவர். வெல்லேயுஸ் என்னும் இலத்தீன் வரலாற்றாசிரியர் நூலுக்கு ஒரே ஒரு கையேடுதான் எஞ்சிற்று. எனவே பாட வேறுபாடு ஒன்றும் இல்லை. ஆயினும் பிழைமலிந்து, திருத்தவழியின்றிக் கிடப்பது அந்நூலே. டெரன்சு என்னும் நாடகப் புலவர் நூலுக்கோ ஏடுகள் பல. அச்சிறு நூலில் இருபதினாயிரம் வேறுபாடுகளைத் தாமே கண்டதாகக் கூறும் பென்ட்லி, பழைய இலத்தீன் நூல்களுள் செவ்வையான நிலையில் உள்ளவற்றுள் அதுவும் ஒன்று என்கின்றார். ஓர் ஏட்டின் வழுவை மற்றோர் ஏடு காட்டும். ஏடு பெருகப் பெருக வேறுபாடும் பெருகும், உண்மைப் பாடத்தைக் காணும் வாய்ப்பும் பெருகும். இப்பூசலில் வெளிவந்த நூற்றுக்கணக்கான மறுப்புக்களுள் இன்றும் அறிவுக்கு விருந்தாக நிற்பது இவ்வொரு பகுதி என்றால் மிகையாகாது. ஆயினும் பென்ட்லியின் வெற்றி ஓர் எல்லைக்குட்பட்டது. ஏட்டில் முதலில் எழுதப்பட்டது இன்னது என அவர் காட்டலாம். எழுதப்பட்டது நிகழ்ந்ததா என்பது அவர் கலைக்கு அப்பாற்பட்டது.

காலின்ஸின் அடுத்த நூல் 1724-இல் வந்தது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசனங்கள் சொல்லின் நேர்பொருளில் இயேசுவைக் குறிப்பன அல்ல, உருவகப் பொருளிலேயே பொருந்தும் என்பது அதன் வாதம். அதற்கு மறுப்பாக முப்பத்தைந்து நூல்கள் எழுந்தன. தீர்க்கதரிசனம் என்னும் தூண் அசைந்தபின் எஞ்சி நின்றது அற்புதம் என்னும் தூண். அதன்மேற் கைவைத்தவர் கேம்பிரிட்ஜ்க் கல்லூரி ஒன்றின் உறுப்பினராயிருந்த தாமஸ் ஊல்ஸ்டன்.

ஊல்ஸ்டன் 1727 முதல் 1729 வரை ஆறு சிறுநூல்கள் வெளியிட்டார். ஒவ்வொன்றையும் அத்தியட்சர் ஒருவர்க்குக் காணிக்கையாக்கி, அக்காணிக்கையுரையிலேயே அவரை எள்ளினார். அற்புதக் கதைகளை நேர்பொருளிற் கொள்வது தகாது, பண்டைத் திருச்சபைப் பிதாக்களைப்போல் உருவகமாகவே கொள்ளவேண்டும் என்பது அவர் வெளிப்படையான கோரிக்கை. ஆனால் நேர்பொருளை மறுக்குமிடத்து அவர் வழங்கிய சொற்கள் மிகக் கடுமையானவை. அவற்றை ஈண்டெடுத்துக் காட்டுதல் வேண்டா. நூல்கள் விலைபோயின; மறுப்புக்களும் குவிந்தன; வழக்கும் வந்தது. 1729-இல் நான்கு நூல்களுக்கு நூலொன்றுக்கு 25 பவுன் தண்டமும் ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. பின்னும் நன்னடக்கைக்குப் பிணை கொடுத்தாலன்றி விடுதலை இல்லை. பிணை கொடாத அவர் 1733-இல் இறக்குமளவும் சிறையெல்லைக்குள்ளேயே வாழ்ந்தார்.

அரசு சிறையால் மறுத்ததனைத் தாமஸ் ஷெர்லாக்கு என்னும் அத்தியட்சர் எழுத்தால் மறுக்க முனைந்தார். 1729-இல் அவர் பெயரின்றி வெளியிட்ட 'சாட்சிகளின் விசாரணை' பலமுறை அச்சேறிய நூல். அதன் அமைப்பு வருமாறு: ஊல்ஸ்டனின் வழக்கைக் கேட்டு வந்த வழக்கறிஞர் சிலர் ஒருங்கு கூடுகின்றனர், தம்முள் ஒருவரை நீதிபதியாக வைத்து, இயேசு உயிர்த்தெழுந்ததாகக் கூறிய அப்போஸ்தலரைப் பொய்ச்சாட்சி கூறிய குற்றத்திற்கு உள்ளாக்குகின்றனர், இருபுறமும் வாதம் நிகழ்கின்றது, ஜூரிகள் ஆராய்ந்து 'குற்றவாளிகள் அல்லர்' என முடிவு கூறுகின்றனர்.

இதன் வாதத்தில் வலிமையான இடம் ஒன்றுண்டு. இறந்தோன் மீண்டும் உயிர்த்தல் இயற்கைக்கு மாறானது. ஆதலின் எத்தனை பேர் கூறினும் நம்பற்பாலதன்று என்பது எதிர்வாதியின் கூற்று. இதற்கு விடை: ஒருவன் இறந்துகிடத்தலைக் காண்பதற்கு வேண்டுவது கண்ணே, பின்னொருநாள் அவன் உலாவுதலைக் காண்பதற்கு வேண்டுவதும் கண்ணே, இவ்விரண்டிற்கும் சாட்சியாவதற்குத் தனித்ததோர் ஆற்றல் வேண்டுவதில்லை. நமக்குப் பழக்கமில்லாமை ஒன்றே பொருளின்மைக்குச் சான்றாகாது; வெப்ப நாட்டில் பிறந்தோன் ஆறு உறைந்து கல்லாகும் என்பதனை நம்பான், ஆயினும் அது மெய். பனிக்கட்டியைப் பற்றிய இவ்வுவமை லாக்கின் நூலிலேயே கதையாக வந்தது. டச்சுத் தூதர் சயாம் மன்னர்க்குத் தம் நாட்டு வியப்புக்களைச் சொல்லி வருங்கால், குளிர்மிக்கபோது நீர் இறுகி யானையையும் தாங்கும் என்றனராம்; அதுகாறும் நம்பிவந்த மன்னர், அப்போதுதான் தூதர் பொய்யர் எனத் துணிந்தனராம். ஷெர்லாக்கும், பட்லரும், ஹியூமும் இவ்வுவமையைத் தத்தம் கருத்திற்கேற்ப எடுத்தாண்டனர். கீழ்நாட்டு வேந்தரொருவரை அறியாமைக்கு எடுத்துக்காட்டாக்கியது ஒருபுறமிருக்க, மன்னர் செய்தது ஆராய்ச்சி முறைக்கு மாறன்று என்பதனையும் நோக்குதல் தகும். தம் காட்சிக்கு மாறான ஒன்றை ஒருவர் உரைமாத்திரையால் ஏற்க அவர் மறுத்தார், அவ்வளவே.

மாத்தியூ டிண்டல் எழுபது கடந்த முதுமையில், 1730-இல் வெளியிட்ட 'கிறித்து சமயம் படைப்பின் தொன்மையது' என்னும் நூலைச் சுருங்கச் சொல்லி மேற்செல்லலாம். கடவுள் எல்லார்க்கும் நடுவுநிலையுடையனாயின், உய்தற்கு வேண்டுவதனை எக்காலத்தும் எந்நாட்டார்க்கும் அறியவைத்திருத்தல் வேண்டும்; ஒரு மூலையில் ஒரு காலத்தில் மட்டும் அருளினான் எனின் ஏனையோர் செய்த குற்றமென்னை என்பது அவர் வினா. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மறுப்புக்கள் வந்தன. அவற்றுள் சிறந்தது 1736-இல் ஜோசப் பட்லர் இயற்றியது. இயற்கையிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வும் இருளும் உள. இயற்கையின் முதல்வனை ஒப்புவோர் அருள்நூலில் அவை காணப்படுதல் கண்டு மறுத்தல் முறையன்று. மக்கள் வாழ்க்கையை நடத்துவதும் முழுத் துணிவன்று, நிகழ்தகவே என்று பட்லர் காட்டினர்.

இங்ஙனம் அரை நூற்றாண்டுப் போரின் இறுதியில் இருசாராரும் ஒரு மன்றத்திற்கே வந்துசேர்ந்தனர். அம்மன்றம் வழக்குமன்றம். சான்றுகளை நிறுத்துப் பார்த்து, மிக்க பக்கம் சாய்தல் என்பதே முறை. சாய்ந்த பக்கம் எது என்பதில்தான் வேறுபாடு. முதலிற் கூறிய சிறுநூலின் ஆசிரியர் புகுந்தது இவ்விடத்தே. அவர் ஹென்றி டாட்வெல் என்னும் வழக்கறிஞர். ஆக்ஸ்போர்டில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்து, அரசுக்குச் சூளுரை செய்ய மறுத்துப் பதவியிழந்த பெரும்புலவர் ஒருவரின் மகனார். தந்தைக்கும் மகற்கும் ஒரே பெயர். தொழிலால் வழக்குமன்றத்தை நன்கறிந்த அவரே விசுவாசத்தை அம்மன்றத்தினின்று வெளியேற்ற எழுந்தார் என்பது கருதத்தக்கது.

அவர் வாதங்களுள் முதன்மையானது ஞானஸ்நானம் பற்றியது. குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும்போது அதன்பொருட்டுப் பெரியோர் விசுவாச உறுதி கூறுகின்றனர். அக்குழந்தை வளர்ந்தபின், 'உன் சமயத்தை நடுவுநிலையோடு ஆராய்' என அறிவுரை கூறுகின்றனர். முன்னரே முடிவுக்குக் கட்டுப்பட்டவன் ஆராய்தல் எங்ஙனம் நடுவுநிலையாகும்? நடுவுநிலையோடு ஆராய்வானாயின் முன் செய்த உறுதி என்னாவது? இரண்டனுள் ஒன்று பொருளற்றதாதல் வேண்டும்.

அடுத்தது காலம் பற்றியது. ஆராய்ச்சிக்குக் காலம் வேண்டும்; ஆராய்ந்து முடியுமளவும் ஒருவன் விசுவாசமற்றவனாகவே இருத்தல் வேண்டும்; இடையில் இறப்பானாயின் அவன் கதி யாது? அன்றியும், நாளை ஒரு புதிய ஆட்சேபம் அச்சில் வருமாயின், நேற்றுப் பெற்ற முடிவை மீண்டும் திறந்து நோக்கவேண்டும். சான்றால் வந்தது சான்றாலேயே போகும். இனித் தகுதியை நோக்கின், எபிரேயமும் கிரேக்கமும் வரலாறும் கற்றுச் சாட்சிகளை எடைபோடும் ஆற்றலும் ஓய்வும் உடையார் ஆயிரத்தில் எத்துணைபேர்? ஏர்பிடிப்போனும் பணிப்பெண்ணும் விசுவாசிகள் ஆகமாட்டார் என்று எக்குரு கூறுவர்?

அளவைப் பற்றிய அவர் கூற்று இன்னும் கூரியது. நிகழ்தகவு எத்துணை உயர்ந்ததாயினும் ஒரு சிறிது ஐயத்திற்கு இடம் வைத்தே நிற்கும். அங்ஙனம் நிற்கும் ஒன்றின்பொருட்டு எவனும் தீயிற் புகான். மறைச்சாட்சிகளாய் இறந்தோர் நிறைகோலிற் சற்றே தாழ்ந்த தட்டை நோக்கி உயிர்கொடுத்தவர் அல்லர். மேலும், நற்செய்தி நூல் விசுவாசத்தைக் கடமையாக விதிக்கின்றது, விசுவசியாமையைக் குற்றமாக்குகின்றது. வாதத்தின் வன்மையின்மையால் ஒருவன் ஒருப்படாதபோது அவனைக் குற்றவாளியாக்குதல் எங்ஙனம் நீதியாகும்? ஒருவனை நட என ஏவலாம், கொடு என ஏவலாம்; ஒரு வாதத்தால் தெளிவடை என ஏவுதல் இயலாது. அப்போஸ்தலரும் கேட்டாரை ஆராய்ந்து மறுநாள் வரும்படி விடுத்தவர் அல்லர். உரைத்த அப்பொழுதே ஒப்புக்கொள்ளுமாறு அழைத்தனர். ஆதலின் விசுவாசத்திற்கு வாயில் வாதமன்று. தேவ ஆவியின் நேரான ஒளியே என்று முடித்தார்.

ராபர்ட்டு பாயில் என்னும் இயற்கை நூலறிஞர் தம் இறுதி முறியில் பொருள்வைத்து, 1692 முதல் ஆண்டுதோறும் நடைபெற்ற சமய நிறுவற் சொற்பொழிவுகளையும் இவ்வாதம் தாக்கியது. அச்சொற்பொழிவாளருள் ஒருவரான சாமுவேல் கிளார்க்கு கடவுளுண்மையை நிறுவப் புகுமுன்னர் அதனை ஐயுற்றார் ஒருவருமிலர் எனக் காலின்ஸ் நகையாடியதாக முன்னரே ஒரு செய்தி வழங்கிற்று. பகைவர் நகையாகக் கூறிய அதனையே டாட்வெல் நூல் பத்தியின் மொழியிற் கூறுவதாயிற்று. படித்தார் திகைத்தமைக்குக் காரணம் இதுவே.

டாட்வெல்லின் உள்ளக்கிடக்கை யாது? விசுவாசத்தின் உயர்வை நாட்டும் அந்நூலின் நடையில் ஆங்காங்கு ஒளிந்துநிற்கும் குறுநகையை நோக்குவார், பகுத்தறிவுக்கும் சமயத்திற்கும் உறவில்லை எனக் காட்டிச் சமயத்தை அறிவுடையார் கைவிடச் செய்தலே அவர் கருத்து எனத் துணிவர். பின்வந்தோர் பெரும்பாலார் துணிபும் அதுவே. டீயிஸ்டு ஆசிரியர்களின் வரலாறும் மறுப்புமாக ஜான் லீலண்டு 1754 முதல் வெளியிட்ட நூலிலும் டாட்வெல் அவர் கூட்டத்திலேயே வைக்கப்பட்டனர். ஆனால் வாதத்தின் வன்மை வாதிப்போன் கருத்தைப் பொறுத்ததன்று. பகைவன் வினாவாயினும் விடை கடன்.

விடை கூறினார் பலர். அவருள் டாட்வெல்லின் உடன்பிறந்தாரான வில்லியம் டாட்வெல் என்னும் குருவும் ஒருவர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தார்முன் தமையனார் நூலை மறுத்துப் பிரசங்கித்தார். ஒரே பெயர் பூண்ட தந்தையும் மகனும் இருவேறு காரணத்தால் திருச்சபையோடு பிணங்கிய குடும்பத்தில், சபைக்கு வழக்காடும் பணி இளையவர்க்கு வந்தது.

நார்தாம்டனில் அரசசபை சாராத கிறித்தவர்க்கு ஒரு கல்விக்கழகம் நடத்திவந்த பிலிப் டாட்ரிட்ஜ் மூன்று கடிதங்களாக எழுதிய மறுப்பு அமைதியுடையது. ஆவியின் துணையை அவர் மறுத்திலர்; ஆவி பகுத்தறிவைத் தள்ளிவிட்டன்று, அதனைத் துலக்கியே தொழிற்படும் என்றார். ஏழை விசுவாசிக்கும் சான்றுண்டு. அஃது ஏட்டுச் சான்றன்று. நற்செய்தியின் போதனை தன் உள்ளத்தைத் திருத்தி, துன்பத்தில் தாங்கி நிற்பதனை அவன் அறிகின்றான் என்றார். முழுத்துணிவில்லாத பொருளின்மேலும் முழுமனத்தோடு செயலாற்றுதல் உலகியல்பே. வணிகன் கடலிற் கலம் விடுப்பதும், நோயாளன் மருத்துவன் கையில் உடலை ஒப்பிப்பதும் நிகழ்தகவின்மேலேயாம் என்னும் பட்லர் வழிவந்த விடையும் பலரால் எடுத்துரைக்கப்பட்டது. இவ்விடை செயலுக்குப் பொருந்தும். டாட்வெல் வினாவியதோ செயலைப் பற்றியதன்று, உள்ளத்தின் துணிவைப் பற்றியது. கலம் விடுத்த வணிகன் அது மீளுமென ஐயமற நம்புவதில்லை. இழக்கவும் ஒருப்பட்டே விடுக்கின்றான். எனவே மறுப்புரைகளுள் வலியது டாட்ரிட்ஜின் முன்னைய விடையே. ஆனால் அதனை ஏற்ற அளவில் ஷெர்லாக்கின் வழக்குமன்றம் வேண்டாததாய் ஒழிகின்றது. அதனை ஏற்றுக்கொள்ள மறுப்போர் பலர் முன்வந்திலர்.

ஜான் வெஸ்லி 1743-இல் அறிவும் சமயமும் உடையார்க்கு விடுத்த வேண்டுகோள் நூலில் இப்பொருளை நேரே எடுத்துக்கொண்டார். டாட்வெல் நூலை மெத்தடிஸ்டுகளின் கொள்கைக்கு ஆதரவெனக் கொண்டவர் உளர். வெஸ்லி அதனை உடன்பட்டிலர். பகுத்தறிவைத் துறந்த சமயம் சமயமன்று என்றார். ஆனால் பகுத்தறிவு தானே பொருளைத் தோற்றுவிப்பதன்று, புலன்கள் கொணர்ந்தவற்றின்மேலேயே தொழிற்படும். கண்ணில்லாதான் நிறத்தைப் பற்றி நெடிது வாதித்தும் பயனில்லை. அதுபோல் ஆன்மப் பொருள்களைக் காணும் ஆன்மப் புலன் திறந்தாலன்றி அவற்றைப் பற்றிப் பகுத்தறிதல் இயலாது. அப்புலன் திறப்பே விசுவாசம் என்றார். அளவை முறையிற் கூறின், உரையளவையிற் கிடந்த வழக்கை வெஸ்லி காட்சியளவைக்கு மாற்றினர். கண்டார்க்கு இதற்குமேல் வாதம் வேண்டா. காணாதார்க்கு, கண்டதாகக் கூறுவார் சொல் மீண்டும் உரையளவையாகவே வந்துநிற்கும். பலர் பலவாறு கண்டதாகக் கூறுமிடத்து அவற்றை நிறுப்பது எதனால் என்னும் வினாவும் உடன் வரும்.

1748-இல் டேவிட் ஹியூம் அற்புதங்களைப் பற்றி வரைந்த கட்டுரை மிகப் புகழ்பெற்றமையால் ஈண்டு விரித்தல் வேண்டா. அற்புதச் சாட்சியத்தின் வலியை மறுத்த அவர், அக்கட்டுரையின் இறுதியில் தம் சமயம் பகுத்தறிவின்மேலன்று, விசுவாசத்தின்மேலே நிற்பது என டாட்வெல் கூறியதனை ஒத்ததொன்றைக் கூறி நிறுத்தினர். அக்குறுநகையை இம்முறை எவரும் பத்தியெனப் பிறழக் கொண்டிலர்.

ஹியூமுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஷெர்லாக்கின் 'விசாரணை'யை மறுத்து எழுதிய பள்ளியாசிரியர் பீட்டர் ஆனெட்டுக்கு நேர்ந்தது வேறு. அவர் எழுதியது எளியோர் நடையில். 1761-இல் அவர் நடத்திய ஒரு தாளிகையின்பொருட்டு வழக்குத் தொடரப்பட்டது. எழுபதை அணுகிய அம்முதியவர் ஒரு திங்கள் சிறையிலும், இருமுறை ஊர்நடுவே தொழுமரத்திலும், ஓராண்டு கடுந்தொழிற் காவலிலும் வைக்கப்பட்டார். அறிஞர்க்கு அறிஞர் எழுதினால் ஆராய்ச்சி, பொதுமக்கட்கு எழுதினால் நிந்தனை என்னும் ஒழுங்கு எழுதாச் சட்டமாய் நின்றது போலும்.

இங்கிலாந்தில் இப்பூசல் அடங்கியபின் ஜெர்மனியில் எழுந்தது. டிண்டலின் நூலை யோகான் லோரன்சு ஷ்மிட் என்பார் 1741-இலேயே ஜெர்மன் மொழியிற் பெயர்த்திருந்தனர். ஹாம்பர்க்கு நகரில் கீழைமொழி ஆசிரியராயிருந்த ஹெர்மன் சாமுவேல் ரைமாருஸ், உயிர்த்தெழுதற் செய்திகளின் முரண்பாடுகளை ஆராய்ந்து ஒரு பெருநூல் எழுதி, அச்சிடாமற் பெட்டியில் வைத்து 1768-இல் இறந்தார். வோல்ஃபன்பியூட்டல் நூல்நிலையத் தலைவராயிருந்த லெசிங் அதன் பகுதிகளை 1774 முதல் 1778 வரை, பெயரறியாதான் ஒருவனுடையன என்று வெளியிட்டார். ஹாம்பர்க்கின் தலைமைக் குருவருள் ஒருவரான கோயட்சே சினந்தெழுந்தார். அவர் முறையிட்டவற்றுள் ஒன்று, இத்தகைய ஆட்சேபங்களைக் கற்றார் மட்டும் அறியும் இலத்தீனில் எழுதாது நாட்டுமொழியில் வெளியிட்டது தகாது என்பது. ஆனெட்டைத் தொழுமரத்தில் நிறுத்திய கருத்தே இது.

லெசிங் 1777-இல் வரைந்த சில பக்கமேயுள்ள ஒரு சிறுநூல், டாட்வெல் முடிபோட்டுவைத்த இடத்தை அவிழ்த்துக் காட்டுகின்றது. அற்புதத்தைத் தாமே கண்டவர் வேறு; அற்புதம் நிகழ்ந்ததெனப் பிறர் கூறக் கேட்பவர் வேறு. கண்டவர்க்கு அது வலிய சான்று. கேட்பவர்க்கு அஃதொரு செய்தி. செய்தி உண்மையேயாகுக, நிகழ்ந்தது ஒன்றாகவும் இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம் எனத்தக்க வரலாற்றுச் செய்தியொன்றைக் கொண்டு, என்றும் மாறாத இயல்புடைய கடவுளுண்மையை நிறுவுதல் எங்ஙனம்? இரண்டும் ஓரினத்தன அல்ல. இடையே தாம் பன்முறை முயன்றும் தாண்டமாட்டாத அகன்ற அகழி ஒன்று கிடப்பதாக அவர் கூறினர். அங்ஙனமாயின் இயேசுவின் போதனையை ஏற்பதற்கு ஏது யாதெனின், அப்போதனைகளே என்பது அவர் விடை.

டாட்வெல் நூலிற் காணாத நேர்மை லெசிங்கின் பக்கங்களில் உண்டு. அகழியின் இப்பாலிருந்து அப்பால் உள்ளாரை அவர் நகைக்கவில்லை. கோயட்சேயை எதிர்த்து 1778-இல் மட்டும் பதினொரு சிறுநூல்கள் எழுதினார். அவ்வாண்டின் நடுவில் பிரன்ஸ்விக்குக் கோமகன் தணிக்கையின்றி அச்சிட அவர்க்களித்திருந்த உரிமையைப் பறித்துக்கொண்டனர். சமயப்பொருளில் எழுத வழியடைபட்டபோது லெசிங் தம் பழைய மேடைக்கே, நாடக மேடைக்கே, திரும்பினார். யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒருங்கு தோன்றும் 'ஞானி நாதன்' என்னும் நாடகம் 1779-இல் அச்சாயிற்று. அது பெர்லின் நகரில் அரங்கேறியபோது, 1783-இல், ஆசிரியர் இறந்து ஈராண்டாகியிருந்தது. ரைமாருஸ் பெட்டியில் வைத்துச் சென்ற பெருநூல் முழுவடிவில் அச்சேறியது 1972-ஆம் ஆண்டிலாம்.